எந்த பிராசசர் உங்கள் வீட்டுக்கு? வாங்கும் முன் ஒப்பிட்டுப் பார்க்க 17 குறிப்புகள்

வீட்டுக்கு மேசைக் கணினி வாங்குவதென்று முடிவானதும், பேச்சு கடைசியில் இரண்டு பிராசசர்களில் வந்து நிற்கும். ஒன்று இன்டெல், மற்றொன்று ஏஎம்டி. அல்லது ஒன்று புதிது, மற்றொன்று பழையது. விலையில் பெரிய வித்தியாசம் இருக்காது. கடைக்காரர் ஒன்றைச் சொல்வார், இன்ஜினீயரிங் படிக்கும் அண்ணன் மகன் வேறொன்றைச் சொல்வான். ஒரு தாளும் பேனாவும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் நீங்களே ஒப்பிட்டு முடிவெடுக்கலாம். உதாரணத்துக்கு, நடுத்தர பட்ஜெட்டில் நேருக்கு நேர் நிற்கும் இன்டெல் கோர் ஐ5-12400, ஏஎம்டி ரைசன் 5 5600 ஜோடியை எடுத்துக்கொள்வோம். இரண்டும் 2022-ல் வந்தவை. இரண்டிலும் 6 கோர், 12 த்ரெட்.

1. முதலில் வேலையை எழுதுங்கள். வீட்டில் யார், எதற்காக, எத்தனை மணி நேரம் கணினி முன் உட்காரப்போகிறார்கள் என்று பட்டியல் போடுங்கள். டேலி, எக்செல், ஆன்லைன் வகுப்பு, பிரவுசர் இவற்றுக்கெல்லாம் ஒன்றிரண்டு கோர் வேகமாக ஓடினால் போதும். கல்யாண வீடியோ எடிட்டிங்குக்கு எல்லா கோரும் உழைக்க வேண்டும். ஆட்டோகேட் வரைபடம் பெரும்பாலும் ஒரே கோரின் வேகத்தை நம்பி நிற்கும். கேம் என்றால் கிராபிக்ஸ் கார்டின் பங்கே பெரிது. ஒரு வேலைக்குச் சிறந்த பிராசசர் இன்னொரு வேலைக்குச் சுமாராக இருக்கலாம். அதனால்தான் இந்தப் பட்டியலை முதல் குறிப்பாக வைத்திருக்கிறேன்.

2. ஐ3, ஐ5, ஐ7 என்ற பெயரை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். பழைய கணினி விற்கும் கடைகளில், சென்னை ரிச்சி தெரு உட்பட, "ஐ7 சிஸ்டம் சார், குறைந்த விலை" என்ற பேச்சு சகஜம். எந்தத் தலைமுறை ஐ7 என்று கேளுங்கள். 2013-ல் வந்த ஐ7-4770-ஐயும் 2022-ல் வந்த ஐ3-12100-ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் 4 கோர், 8 த்ரெட்தான். ஆனால் ஒரு கோருக்கு ஒரு கோர் என்று ஒப்பிட்டால் அந்த ஐ3, பழைய ஐ7-ஐவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் வேகம். குறிப்பிடப்பட்ட மின் அளவும் 84 வாட்டுக்குப் பதில் 60 வாட்.

போதாததற்கு, ஐ7-4770 விண்டோஸ் 11-ன் அதிகாரப்பூர்வப் பட்டியலில் இல்லை. பொதுவாக இன்டெல்லில் 8-ஆம் தலைமுறையிலிருந்தும், ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசையிலிருந்தும்தான் அந்தப் பட்டியல் தொடங்குகிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. பாங்கு வேலை, வருமான வரி வேலை பார்க்கும் வீட்டுக் கணினிக்கு இது முக்கியம். பெயரில் சிறு கோட்டுக்குப் பின், கடைசி மூன்று இலக்கங்களுக்கு முன் வரும் எண்ணைப் பாருங்கள்: 4770 என்றால் 4-ஆம் தலைமுறை, 8500 என்றால் 8, 12400 என்றால் 12.

3. கடைசி எழுத்தைத் தவறவிடாதீர்கள். ஒரே ஓர் எழுத்தில் பிராசசரே மாறிவிடும். இன்டெல்லில் 'எஃப்' என்றால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை, தனி கிராபிக்ஸ் கார்டு போடாமல் திரையில் படம் வராது. 'கே' என்றால் வேகத்தைக் கூட்டிக்கொள்ளும் வசதி உண்டு, கூடவே நல்ல கூலரும் வேண்டும். 'டி' என்றால் மின்சாரத்தைக் குறைக்க வேகத்தையும் குறைத்தது. அலுவலகங்களிலிருந்து கழித்துவிடப்பட்ட சின்னப் பெட்டிக் கணினிகளில் இந்த 'டி' நிறைய இருக்கும். ஐ5-8500-ன் அடிப்படை வேகம் 3 கிகாஹெர்ட்ஸ், ஐ5-8500டி-க்கு 2.1. விலைச் சீட்டில் இரண்டையும் 'ஐ5 எட்டாம் தலைமுறை' என்றே எழுதியிருப்பார்கள். ரைசனில் 'ஜி' என்றால் ஓரளவு கேம் ஆடக்கூடிய கிராபிக்ஸ் உள்ளேயே உண்டு.

4. கிகாஹெர்ட்ஸ் எண்ணை வைத்து இரண்டு வெவ்வேறு குடும்பங்களை ஒப்பிடாதீர்கள். 2004-ல் பெண்டியம் 4 பிராசசர் 3.8 கிகாஹெர்ட்ஸ் வரை போனது. 2006-ல் அதே இன்டெல் வெளியிட்ட கோர் 2 டுயோ, 2.4 கிகாஹெர்ட்ஸிலேயே அதை முந்தியது. ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை முடிகிறது என்பதுதான் கணக்கு. நம் ஜோடியிலும் அப்படியே. ஐ5-12400-ன் அடிப்படை வேகம் 2.5, ரைசன் 5600-க்கு 3.5. அட்டையை மட்டும் படித்தால் ரைசன் வெகு தூரம் முன்னே நிற்பதுபோல் தெரியும். நடைமுறையில் இரண்டும் 4.4 வரை ஏறும், ஐ5 பின்தங்குவதில்லை. ஒரே குடும்பத்துக்குள், ஒரே தலைமுறைக்குள் ஒப்பிடும்போது மட்டும் இந்த எண்ணை நம்பலாம். அங்கேயும் ஒரு விதிவிலக்கு உண்டு, அடுத்த குறிப்பில் சொல்கிறேன்.

5. கேஷ் அளவைப் பாருங்கள். பிராசசருக்குள்ளேயே இருக்கும் சிறு நினைவகம் இது. அடுப்பு மேடையில் கைக்கெட்டும் அஞ்சறைப் பெட்டி போல. அதில் இல்லாததை எடுக்கத்தான் ராம் என்ற ஸ்டோர் ரூமுக்குப் போக வேண்டும். ஐ5-12400-ல் எல்3 கேஷ் 18 எம்பி, ரைசன் 5600-ல் 32 எம்பி. கேம்களில் ரைசன் ஈடுகொடுத்து நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஏஎம்டியின் ரைசன் 7 5800எக்ஸ், 5800எக்ஸ்3டி இரண்டும் 8 கோர் கொண்ட ஒரே குடும்பம். முதலாவது 4.7 கிகாஹெர்ட்ஸ் வரை ஏறும், இரண்டாவது 4.5 வரைதான். ஆனால் 32 எம்பிக்குப் பதில் 96 எம்பி கேஷ் இருப்பதால், வேகம் குறைந்த அந்த இரண்டாவது பிராசசர் பெரும்பாலான கேம்களில் முந்துகிறது. வீடியோ ரெண்டரிங்கில் அந்த லாபம் கிடைக்காது. உங்கள் பட்டியலில் கேம் இல்லையென்றால் கேஷுக்காகக் கூடுதல் பணம் தர வேண்டாம்.

6. கோர் எண்ணிக்கையைக் கேட்டால் போதாது, என்ன கோர் என்றும் கேளுங்கள். 2011-ல் ஏஎம்டி தன் எஃப்எக்ஸ்-8150-ஐ எட்டு கோர் பிராசசர் என்று விற்றது. இரண்டிரண்டு கோர்கள் சில பகுதிகளைப் பங்குபோட்டுக்கொண்ட அமைப்பு அது. நான்கே கோர் கொண்ட இன்டெல் ஐ5-2500கே பல வேலைகளில் அதை வென்றது. 'எட்டு கோர்' என்று சொன்னது சரியா என்று அமெரிக்காவில் வாங்கியவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2019-ல் 1 கோடியே 21 லட்சம் டாலர் தருவதாக ஏஎம்டி சமரசம் செய்துகொண்டது.

இன்று வேறு விதமான குழப்பம். ஐ5-13400-ல் 10 கோர் என்பார்கள். அதில் 6 பெரிய கோர், 4 சிறிய கோர். சிறியவை மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழித்துப் பின்னணி வேலைகளைப் பார்ப்பவை. த்ரெட் எண்ணிக்கையும் அப்படித்தான். 12 த்ரெட் என்றால் 12 கோருக்குச் சமம் அல்ல. ஒரு கோர் இரண்டு த்ரெட்டாகப் பிரிந்தால் வேலையைப் பொறுத்து ஏறத்தாழ கால் பங்கு கூடுதல் பலன் கிடைக்கும், அவ்வளவே. 2024-ல் வந்த கோர் அல்ட்ரா 5 245கே-யில் 14 கோர், 14 த்ரெட்தான். த்ரெட் இரட்டிப்பை இன்டெல்லே அதில் எடுத்துவிட்டது.

7. பெஞ்ச்மார்க்கில் இரண்டு மதிப்பெண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். சினிபென்ச், கீக்பென்ச் போன்ற சோதனை மென்பொருள்கள் ஒரு கோர் மதிப்பெண், எல்லா கோர் மதிப்பெண் என இரண்டு தரும். சினிபென்ச் ஆர்23-ல் ஐ5-12400 ஒரு கோருக்கு சுமார் 1,700, எல்லா கோருக்கும் சுமார் 12,000 எடுக்கும். ரைசன் 5600-க்கு இது சுமார் 1,450 முதல் 1,500, சுமார் 11,000. மதர்போர்டு, கூலர், ராம் பொறுத்துச் சில நூறு ஏறி இறங்கும். இதிலிருந்து தெரிவது: அன்றாட வேலையில் ஐ5 ஒரு படி சுறுசுறுப்பு. மொத்த உழைப்பிலும் கொஞ்சம் முன்னே. கேம்களில் இரண்டும் ஏறத்தாழச் சமம். இப்படிப் பிரித்துப் படித்தால்தான் முதல் குறிப்பில் எழுதிய பட்டியலோடு பொருத்திப் பார்க்க முடியும்.

8. ஒரே பதிப்பின் மதிப்பெண்களை மட்டுமே ஒப்பிடுங்கள். சினிபென்ச் ஆர்23 வேறு, சினிபென்ச் 2024 வேறு. முன்னதில் ஆயிரங்களில் வரும் ஒரு கோர் மதிப்பெண் பின்னதில் நூறை ஒட்டி வரும். கீக்பென்ச் 5, 6 இரண்டுக்கும் அளவுகோலே வேறு.

9. வரைபடத்தின் அடிக்கோடு பூஜ்யத்தில் தொடங்குகிறதா என்று பாருங்கள். 90-லிருந்து தொடங்கும் படத்தில் 95-க்கும் 100-க்கும் உள்ள வித்தியாசம் இரண்டு மடங்காகக் கண்ணில் படும். கணக்கிட்டால் அது 5 சதவீதம்தான். அந்த அளவு வித்தியாசத்தை அன்றாட உபயோகத்தில் யாராலும் உணர முடியாது. அதற்காகச் சில ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுக்கத் தேவையில்லை. 15 சதவீதத்துக்கு மேல் என்றால் யோசிக்கலாம். 30 சதவீதம் என்றால் நிச்சயம் வேலையில் தெரியும்.

10. கேம் சோதனைகளைப் படிக்கும்போது எந்த கிராபிக்ஸ் கார்டு, எந்த ரெசல்யூஷன் என்று தேடுங்கள். பிராசசர்களின் வித்தியாசத்தை வெளிக்கொண்டுவர, சந்தையிலேயே மிக வேகமான கார்டைப் போட்டு 1080பி-யில் சோதிப்பார்கள். சோதனைக்கு அது சரியான முறைதான். ஆனால் உங்கள் வீட்டில் ஜிடிஎக்ஸ் 1650 இருந்தால், இரண்டு பிராசசர்களும் கார்டு முடிக்கட்டும் என்று காத்திருக்கும். அங்கே வித்தியாசம் ஏறத்தாழ மறைந்துவிடும். பிராசசரில் மிச்சம் பிடித்து அந்தப் பணத்தை கார்டில் போடுங்கள்.

11. உள் கிராபிக்ஸ் இருக்கிறதா என்பது நம் ஜோடியில் முடிவையே மாற்றும் கேள்வி. ஐ5-12400-ல் யுஎச்டி 730 கிராபிக்ஸ் உள்ளேயே உண்டு. ரைசன் 5600-ல் கிடையாது. தனி கார்டு வாங்கும் எண்ணம் இல்லாத வீட்டுக்கு ரைசன் 5600-ஐப் பரிந்துரைப்பது தவறு. 'அப்படியானால் ரைசன் 5 5600ஜி வாங்குங்கள்' என்று கடைக்காரர் சொல்லலாம். அதில் உள்ள கிராபிக்ஸ், லேசான கேம்களுக்கு யுஎச்டி 730-ஐவிட நன்றாகவே இருக்கும். ஆனால் கேஷ் 16 எம்பியாகப் பாதியாகிறது, கிராபிக்ஸ் கார்டை இணைக்கும் பிசிஐஇ-யும் 3.0-வோடு நிற்கிறது. பின்னாளில் கார்டு போடும்போது இந்தக் குறை உடன் வரும்.

வீடியோ விஷயத்தில் இன்டெல்லுக்கு ஒரு தனி பலம். யுஎச்டி 730-ல் உள்ள குயிக் சிங்க், எச்.264, எச்.265 வீடியோக்களைத் தனிப் பகுதி வைத்தே கையாள்வதால் பிரீமியரில் டைம்லைன் தடையின்றி ஓடும். யூடியூப் பயன்படுத்தும் ஏவி1 வகை வீடியோவையும் அது நேரடியாக விரிக்கும். 5600ஜி-யின் கிராபிக்ஸுக்கு ஏவி1 தெரியாது, அந்தச் சுமை கோர்கள் மேல் விழும். ஐ5-12400எஃப் வாங்கினால் இந்தப் பலன் எதுவும் கிடைக்காது. எடிட்டிங் செய்பவர்கள் சில நூறு ரூபாய் மிச்சத்துக்காக 'எஃப்' வாங்க வேண்டாம்.

12. ராமை இரண்டு துண்டாக வாங்குங்கள். 16 ஜிபி வேண்டுமென்றால் ஒரே 16-க்குப் பதில் இரண்டு 8. பிராசசர் இரண்டு வழியிலும் தகவல் எடுக்கும். உள் கிராபிக்ஸை நம்பும் கணினியில் கேம் வேகம் இதனால் நன்றாகவே கூடும். ஒரு கணினியில் ஒற்றை ராம், மற்றொன்றில் இரட்டை ராம் வைத்துச் சோதித்துவிட்டு பிராசசரைக் குறை சொல்வது நியாயமில்லை.

13. பழைய கணினி மெதுவாக இருந்தால், பிராசசரை மாற்றும் முன் ஹார்ட் டிஸ்க்கைக் கவனியுங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். வேலை இழுக்கும் நேரத்தில் சிபியு 20 சதவீதமும் டிஸ்க் 100 சதவீதமும் காட்டினால் குற்றம் பிராசசரில் இல்லை. ஓர் எஸ்எஸ்டி போட்டாலே போதும்.

14. நம் ஊர் வெயிலைக் கணக்கில் சேருங்கள். சோதனை செய்பவர்கள் பெரும்பாலும் ஏசி அறையில் செய்கிறார்கள். சித்திரை மாத மதியத்தில் நம் அறை 35 டிகிரியைத் தாண்டும். அறை எத்தனை டிகிரி கூடுகிறதோ, பிராசசரும் ஏறத்தாழ அத்தனை டிகிரி கூடும். ஐ5-12400-ன் வெப்ப எல்லை 100 டிகிரி, 5600ஜி-க்கு 95. எல்லையைத் தொட்டதும் பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பெட்டியோடு வரும் கூலர் வீட்டு வேலைக்குப் போதும். மணிக்கணக்கில் ரெண்டர் செய்பவர்கள் தனி கூலர் வாங்குவது நல்லது. கணினியை மர அலமாரிக்குள் கதவு மூடி வைப்பதை உடனே நிறுத்துங்கள். எந்த பிராசசரும் அந்தப் புழுக்கத்தில் முழு வேகம் காட்டாது.

15. வாட் எண்ணைக் கரண்ட் பில்லோடு சேர்த்துப் படியுங்கள். நம் ஜோடி இரண்டிலும் 65 வாட் என்று போட்டிருக்கும். அது முழுக் கதை அல்ல. ஐ5-12400 தேவைப்படும்போது 117 வாட் வரை எடுக்கலாம் என்று இன்டெல்லே குறிப்பிடுகிறது. மலிவான மதர்போர்டுகள் சில அதை 65-லேயே கட்டிவைக்கும், அப்போது நீண்ட வேலையில் வேகம் குறையும். கணக்கு எளிது: வாட்டை மணி நேரத்தால் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் யூனிட். இரண்டு கணினிகளுக்கிடையே 50 வாட் வித்தியாசம், தினம் 4 மணி நேரம் என்றால் இரண்டு மாத பில்லில் 12 யூனிட். தமிழ்நாட்டில் ஸ்லாப் எல்லையை ஒட்டி ஓடும் வீடுகளுக்கு இது கவனிக்க வேண்டிய எண். யுபிஎஸ்ஸும் அப்படித்தான்: 600 விஏ என்று எழுதியிருப்பவை பெரும்பாலும் 360 வாட் வரைதான் தாங்கும்.

16. பிராசசர் விலையை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள். பிராசசர், மதர்போர்டு, ராம், தேவையானால் கூலர், கார்டு என்று எல்லாம் கூட்டி வரும் தொகையைத்தான் ஒப்பிட வேண்டும். ஏஎம்டியின் புதிய ஏஎம்5 சாக்கெட் மதர்போர்டுகளுக்கு டிடிஆர்5 ராம் மட்டுமே பொருந்தும்; ரைசன் 5600 பொருந்துவது அதற்கு முந்தைய ஏஎம்4 சாக்கெட்டில். ஐ5-12400-க்கு டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு.

இங்கே ரைசன் 5600-க்கு ஒரு பெரிய வாய்ப்பு இருக்கிறது. உங்கள் வீட்டில் ஏற்கெனவே ரைசன் 3 2200ஜி அல்லது ரைசன் 5 1600 ஓடும் ஏஎம்4 கணினி இருந்தால், அந்த மதர்போர்டு ரைசன் 5600-ஐ ஏற்கும்படி செய்யும் பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால், அதே போர்டு, அதே ராம் வைத்துக்கொண்டு பிராசசரை மட்டும் மாற்றிவிடலாம். பயாஸைப் பழைய பிராசசர் மாட்டியிருக்கும்போதே ஏற்றிவிட வேண்டும். 2200ஜி-யின் உள் கிராபிக்ஸை நம்பியிருந்த கணினி என்றால் புதிதாகவும் 'ஜி' வகைதான் வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். இன்டெல் பக்கம், 12400 பொருந்தும் எல்ஜிஏ 1700 சாக்கெட்டில் 13, 14-ஆம் தலைமுறைகளும் பொருந்தும். அந்தத் தலைமுறைகளின் உயர்வகை பிராசசர்கள் சில, மின்னழுத்தக் கோளாறால் நிலையில்லாமல் நின்றுபோனதை 2024-ல் இன்டெல் ஒப்புக்கொண்டு, வாரண்டியை 3 வருடத்திலிருந்து 5 வருடமாக நீட்டித்தது. அத்தகைய ஐ7, ஐ9-ஐப் பழையதாக வாங்குவோர் சமீபத்திய பயாஸ் ஏற்றப்பட்டதா, வாரண்டி மிச்சம் உண்டா என்று கேட்காமல் பணம் கொடுக்கக் கூடாது. 12400-க்கு இந்தச் சிக்கல் இல்லை.

17. பணம் கொடுக்கும் முன் கடையிலேயே சோதியுங்கள், முக்கியமாகப் பழைய கணினி என்றால். மூன்று இலவச மென்பொருள்களை பென்டிரைவில் எடுத்துச் செல்லுங்கள். சிபியு-இசட், பிராசசரின் முழுப் பெயரை எழுத்து மாறாமல் காட்டும். ஹெச்டபிள்யூஇன்ஃபோ, வெப்பத்தையும் ஓடும் வேகத்தையும் காட்டும். 7-ஜிப்பின் டூல்ஸ் மெனுவில் ஒரு பெஞ்ச்மார்க் இருக்கிறது, அதைப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். முதல் அரை நிமிடம் எல்லா பிராசசரும் நன்றாகத்தான் ஓடும். பத்தாவது நிமிடத்திலும் அதே வேகம் நிற்கிறதா என்பதே கேள்வி. முடிந்தால் உங்கள் சொந்தக் கோப்பு ஒன்றையும் கொண்டுபோங்கள்: பெரிய எக்செல், பத்து நிமிட வீடியோ, கனமான போட்டோஷாப் ஆல்பம். இரண்டு கணினியிலும் அதைத் திறந்து, கடிகாரம் பார்த்து நேரத்தைக் குறியுங்கள்.

நம் ஜோடியில் என் தீர்ப்பு இது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத புதிய வீட்டுக் கணினிக்கும், வீடியோ எடிட்டிங்குக்கும் ஐ5-12400. ஏற்கெனவே ஏஎம்4 போர்டும் கிராபிக்ஸ் கார்டும் இருக்கும் வீட்டுக்கு ரைசன் 5 5600. கார்டு வாங்கி கேம் ஆடுவதற்கென்றே புதிதாகச் சேர்த்தால், அன்றைக்கு எந்தக் கூட்டுத்தொகை குறைவோ அது. எதை வாங்கினாலும் பில்லில் பிராசசரின் முழுப் பெயரை, கடைசி எழுத்து உட்பட, எழுதி வாங்குங்கள்.